வேலிக்காத்தான் இருந்த ஓரம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். வரிகள் ஏறி இறங்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் இந்தத் தாள்களை வீணாக்கியிருக்க மாட்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் போய் நின்றேன், திரும்பி வந்தேன்.

எங்கள் குப்பத்துக்கு மேற்கே, உப்பளத்து வரப்பு தொடங்குகிற வரைக்கும் ஒரு திடல் உண்டு. யாருடைய பட்டாவிலும் இல்லாத புறம்போக்கு. அதற்கு வடக்கே உப்பங்கழி. மழைக்காலத்தில் பாதித் திடல் தண்ணீரில் நிற்கும். கோடையில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். தெற்கு ஓரம் முழுக்க வேலிக்காத்தான் முள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளே போனவர் வெளியே நிற்பவருக்குத் தெரியாத அளவுக்கு அடர்த்தி. அந்த முள்ளுக்குள்தான் எங்கள் குப்பத்துப் பெண்கள் வெளிக்குப் போய்வந்தார்கள்.

இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது. ஆனால் இந்த ஒரு வரியை யாரும் சொல்லாததால்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

கழிப்பறை இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு திட்டத்தில் வீட்டுக்கு ஒன்று கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் மண்ணில் முழங்கை ஆழம் தோண்டினாலே தண்ணீர். முதல் மழையிலேயே குழி நிரம்பி, போனதெல்லாம் திரும்பி வந்தது. தகரக் கதவை உப்புக் காற்று தின்றுவிட்டது. இப்போது அந்த அறைகளில் வலை இருக்கிறது, ஐஸ் பெட்டி இருக்கிறது, எங்கள் வீட்டு அறையில் கோழி அடைகாக்கிறது. ஆண்கள் கடலோரம் போய்விடுவோம். பெண்களுக்கு முள்தான்.

அதற்கு ஒரு ஒழுங்கும் வைத்திருந்தார்கள். முள் தொடங்குகிற இடத்தில் முதல் மரத்தின் அடியில் ஒரு பழைய சிவப்பு மக் கிடக்கும். உள்ளே போகிறவள் அதை எடுத்துக் கிளையில் மாட்டிவிட்டுப் போவாள். வெளியே வந்ததும் இறக்கி வைப்பாள். கிளையில் மக் தொங்கினால் ஆண்கள் யாராயிருந்தாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம். குடித்துவிட்டு வருகிறவன்கூட மக்கைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போவான். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம்.

இந்தத் திடலும் கழியும் அரசாங்கத்தின் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் பொறுப்புக்கு வந்தன. அதன் முழுப் பெயர் பலகையில் இரண்டு வரிக்கு இருக்கும். நாங்கள் பறவை ஆபீஸ் என்போம். உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரிக்கொண்டிருந்த என்னை, குடிப்பழக்கம் இல்லாத ஆள் என்று யாரோ சொல்லி, காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு தொப்பி. என் அக்கா அடுத்த வீட்டுக்காரி. என்னைத் தொப்பியோடு பார்த்ததும் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"டேய், வாயத் தொறந்து பேசவே ரெண்டு நாளு யோசிப்ப. உனக்கு எதுக்குடா விசிலு?"

பறவை ஆபீஸ் அதிகாரியைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. நல்ல மனிதர். வெயிலில் எங்களோடு நடப்பார், எங்கள் தண்ணீரையே வாங்கிக் குடிப்பார். மற்ற இடங்களைப் போல ஒரு நாள் காலையில் இயந்திரத்தோடு வந்து நிற்கவில்லை. பங்குனி மாதம், வலசை வந்த பறவைகள் திரும்பிப் போன பிறகு, குப்பத்து மக்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். நாற்காலி, பந்தல், எல்லோருக்கும் டீ, பன். துணியில் அச்சடித்த ஒரு பெரிய வரைபடத்தைக் கட்டி, குச்சியால் காட்டினார். கழி நீலம். நடைபாதை பச்சை. தெற்கு ஓரம் முழுக்க வெளிர் மஞ்சள்.

"இது வெளிநாட்டு முள். நிலத்தடி நீரைக் குடிச்சிரும், வேற எதையும் முளைக்க விடாது. இதை எடுத்துட்டா இந்த இடம் திறந்தவெளி ஆயிரும். பறவைக்கு அதுதான் நல்லது. மறைவு இருந்தா நரி, நாய் எல்லாம் ஒளிஞ்சு வரும். உங்களுக்கு ஏதாவது ஆட்சேபனை இருந்தா தயங்காம சொல்லுங்க."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. யாரும் எழவில்லை. என் மனைவி தலையைக் குனிந்து பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்காதான் எழுந்தாள். மீன் ஏலத்தில் அவள் வாய்க்குப் பயந்து வியாபாரிகள் தள்ளி நிற்பார்கள். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"சார்... முள்ள வெட்டிட்டா... ஆடுங்க எங்க சார் போவும்?"

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். "நியாயமான கேள்விம்மா. காலையிலயும் சாயந்திரமும் ஆடு மேய்க்க நேரம் விடுறோம். யாரும் தடுக்க மாட்டாங்க."

இன்னொருத்தி எழுந்தாள். "அடுப்புக்கு வெறகு சார்..."

"வெட்டுற மரம் எல்லாம் உங்களுக்குத்தான். வீடு வீடா கொண்டாந்து போடச் சொல்றேன்."

ஆண்கள் கை தட்டினார்கள். அதோடு கூட்டம் முடிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அக்காவைக் கேட்டேன். "உனக்கு ஏதுக்கா ஆடு?"

"ஏன், எங்க வூட்டுக்காரு ஒருத்தரு பத்தாதா?" என்றாள். பக்கத்தில் வந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். பிறகு அவளே குரலை இறக்கினாள். "அத்தினி ஆம்பளைங்க முன்னால இன்னானுடா சொல்றது? நீதான் அவுரு கூடவே சுத்துறியே. நீ சொல்லேன்."

சொல்லத்தான் போனேன். மறுநாள் வெட்ட வேண்டிய இடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடக் கூட்டிப்போனார். முதல் மரம் வந்ததும் நின்றேன். மக் கீழே கிடந்தது.

"சார், இந்த ஒரு ஓரத்த மட்டும் வுட்டுடலாங்களா?"

"ஏண்ணே?"

ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். என் அம்மா, அக்கா, மனைவி எல்லோரையும் அந்த வெயிலில் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்துகிற மாதிரி இருந்தது.

"காத்துங்க சார்," என்றேன். "அளத்து மண்ணு பறந்து வூட்டுக்குள்ள வரும்."

"சரியாச் சொன்னீங்க. அதுக்கும் திட்டம் இருக்கு. இதே வரிசையில பூவரசு வைக்கிறோம். வளர்ந்தா நல்ல தடுப்பு." என் தோளில் தட்டினார். கோடு நேராகப் போனது.

சித்திரையில் பொக்லைன் வந்தது. வேரோடு பிடுங்கிப் போட்டது. மாலையில் குப்பத்திலிருந்து பார்த்தால் உப்பளத்து மேட்டில் குவித்திருந்த உப்பு வரைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. விறகை அவர் சொன்னபடியே வீடு வீடாகப் போட்டார்கள். அடுத்த ஞாயிறு கல்லூரிப் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு வந்து திடலைச் சுத்தம் செய்தார்கள். பொறுக்கிய பிளாஸ்டிக்கை எல்லாம் குவித்து வைத்து நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குவியலின் மேலே அந்தச் சிவப்பு மக் இருந்தது. நான்தான் மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டேன்.

பூவரசங் கன்றுகள் என் முழங்கால் உயரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை வலைக்கூண்டு. காலையும் மாலையும் நான் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது கன்றைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். ஒருத்தி கேட்டாள், "இன்னாண்ணா, உன் மரம் நாங்க ஒக்கார்ற அளவுக்கு எப்ப வளரும்? எம் பொண்ணு கல்யாணத்துக்குள்ள வந்துடுமா?" மற்றவர்கள் சிரித்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பெண்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து உப்பளத்து வரப்பைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். அங்கே அளத்துக் காவலாளி டார்ச் அடித்துச் சத்தம் போடுவான். விடிந்துவிட்டால் இருட்டும் வரைக்கும் வழி கிடையாது. என் மனைவி அளத்தில் உப்புக் கூடை சுமக்கிறவள். வைகாசி வெயிலில், கால் பித்தவெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏற, பகல் முழுக்கச் சுமக்க வேண்டும். மற்ற வருஷங்களில் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவாள். இந்த வருஷம் பாட்டில் வீட்டிலேயே இருந்தது. கேட்டால், "தாகம் இல்ல" என்பாள். உதடு வெடித்திருக்கும்.

பிறகு நீர்க்கடுப்பு வந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மரக்காணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா திட்டினாள்.

"தண்ணியே குடிக்கிறது இல்லையாம்மா நீ? வெயில்ல வேலை செய்யுற. குடம் குடமா குடிக்கணும். இப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "முழுசும் குடி" என்றேன்.

"குடிச்சிட்டு எங்க போறதுங்க?"

மீதி இளநீரை நான்தான் குடித்தேன்.

ஆனியில் மறுபடியும் கூட்டம். முள் எடுத்த பிறகு மக்களுக்குக் கஷ்டம் ஏதும் உண்டா என்று கேட்கத்தான் அந்தக் கூட்டமே. இப்படிக் கேட்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்தது இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கேட்காதவர்களாக இருந்தால் அவர்கள் மேல் கோபப்பட்டிருக்கலாம். இந்த முறை சொல்லிவிடுவது என்று பெண்கள் முந்தின நாளே பேசி வைத்திருந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் ஒத்திகையே நடந்தது. ஒருத்தி அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். அக்கா இடுப்பில் கை வைத்து, எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று கணீரென்று சொன்னாள். நான் கூச்சப்பட்டு உள்ளே போய்விட்டேன்.

கூட்டத்தில் அதிகாரியோடு வெளியூரிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தாள். போன் அவள் பக்கம் திரும்பியது. முந்தானை வாய்க்குப் போனது.

"சார், இருட்டுல பொம்பளைங்க அந்தப் பக்கம் போவ வர பயமா இருக்குது சார்."

"எதுக்கும்மா பயம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தேன்.

"பாம்பு சார்," என்றாள்.

"பெண்கள் பாதுகாப்பு முக்கியம்," என்றார் அதிகாரி. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் குறித்துக்கொண்டார்.

ஆடி போய் ஆவணி வருவதற்குள் திடல் முழுக்க விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். சூரிய வெளிச்சத்தில் தானாகச் சார்ஜ் ஆகிற விளக்கு. பொழுது சாய்ந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. திருவிழாத் திடல் மாதிரி இருந்தது. மணலில் ஓடுகிற நண்டுகூடத் தெரிந்தது. அதிகாரிக்கு உண்மையாகவே சந்தோஷம். பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். முள் போனபோது இருட்டாவது மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் போனது.

"சொன்னேன் பாரு பாம்புன்னு," என்றாள் அக்கா. "எந்த நாக்குல சொன்னேனோ." யாரும் சிரிக்கவில்லை.

என் மனைவிக்கு மறுபடியும் காய்ச்சல். அன்றைக்குச் சாயங்காலம் நான் உப்புச் சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். வரப்புக்குப் பக்கத்தில் இருந்த கம்பங்களில் ஏறி, விளக்குகளுக்குச் சாக்கை மாட்டிக் கயிற்றால் கட்டினேன். காலையில் அவிழ்த்துவிடுவேன். பெண்கள் அந்த வழியாகவே போய்வந்தார்கள். அந்தக் கம்பங்களுக்கு அடியில் இருட்டு இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் அவிழ்ப்பதற்கு முன்னால் அதிகாரி வந்துவிட்டார். கூடவே பறவைகளைப் படிக்க வந்திருந்த ஒரு பையன், கழுத்தில் பைனாகுலரோடு.

"யார் செஞ்ச வேலை இது?"

"நான்தான் சார்."

"நீங்களா? அரசாங்கப் பொருளுங்க இது. காவலுக்கு வச்ச ஆளே இப்படிச் செஞ்சா நான் என்ன பதில் சொல்றது? ஏன் செஞ்சீங்க?"

வேலை போய்விடும் என்று தெரிந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்றும் தெரிந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அந்தப் பையன் கழிப் பக்கம் கையைக் காட்டினான். "சார், ராத்திரி வெளிச்சம் இப்ப கழியில வந்து தங்குற பறவைகளைத் தொந்தரவு பண்ணும். அண்ணன் அதைக் கவனிச்சிருக்கார்னு நினைக்கிறேன். அதுக்குத்தானேண்ணே கட்டினீங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டிவிட்டேன்.

அதிகாரியின் முகமே மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே வாரத்தில் அந்த விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். புரட்டாசியில் ஆபீஸில் ஒரு விழா. பறவைகள் மேல் அக்கறை கொண்ட காவலர் என்று ஒலிபெருக்கியில் என்னைப் பற்றிச் சொல்லி, சரிகைக் கரை போட்ட ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டில் சால்வையைக் கொடியில் போட்டேன். அக்கா வந்து கரையைத் தடவிப் பார்த்தாள். "பறவைக்குன்னா கேக்காமயே குடுக்குறாங்கடா. அடுத்த கூட்டத்துல நாங்களும் ரெண்டு இறக்கைய கட்டினு வந்து ஒக்கார்றோம்."

என் மனைவி சிரித்தாள். காய்ச்சலில் கிடந்த இத்தனை நாளில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுந்து வந்து சால்வையை எடுத்தாள். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அதற்குப் பின்னால் குனிந்து, தலை தெரிகிறதா என்று கேட்டாள்.

"தெரியுது" என்றேன்.

"அப்ப இன்னும் ஒண்ணு வாங்கினு வாங்க. ரெண்டையும் சேத்துத் தச்சு நாலு கம்பு நட்டா, நமக்கு ஒரு மறைப்பு ஆயிடும்." சொல்லிக்கொண்டே மடித்து என் கையில் கொடுத்தாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

எனக்கு அன்று வந்த கோபம் அதிகாரி மேல் இல்லை. அவர் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். ஆடு என்றோம், ஆட்டுக்குக் கொடுத்தார். விறகு என்றோம், கொடுத்தார். காற்று என்றதற்குக் கன்று, பாம்பு என்றதற்கு விளக்கு, பறவை என்றதும் விளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாங்கள் வாயால் சொன்ன எல்லாமே கிடைத்தது. தேவைப்பட்டதை மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. வெட்கத்தை மானம் என்று பிடித்துக்கொண்டு, அந்த மானத்துக்கு இருந்த ஒரே மறைவையும் விட்டுக்கொடுத்தோம். எங்களுக்குள் தெரிந்த ஒன்று வெளியாளுக்கும் தெரிந்திருக்கும் என்று, மக்கைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களோடேயே வாழ்ந்து பழகிய எங்களுக்கு ஒரு நினைப்பு.

வேறு மாதிரியும் யோசித்தேன். பறவை கூடு கட்டப் புதர் வேண்டும் என்று அந்தப் பையன் வழியாகச் சொல்ல வைத்தால் முள் ஓரம் திரும்பக் கிடைக்கலாம். மனைவியிடம் சொன்னேன்.

"வேணாங்க. இன்னொரு சால்வைதான் வரும்," என்றாள். "உள்ளத எழுதிக் குடுங்க. எழுத்துக்கு முகம் இல்ல. கூட்டத்துல நான் எழுந்து படிக்கிறேன்."

"நீயா?"

"எட்டாவது படிச்சிருக்கேன். உங்கள விட மூணு வகுப்பு ஜாஸ்தி."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது. பாத்திகள் நிரம்பி, பெண்கள் போய்வந்த வரப்பும் தண்ணீருக்குள் போய்விட்டது. கூட்டம் வருகிற வாரம். மூன்று நாளாக எழுதுகிறேன். என்ன வேண்டும் என்று அவர் கேட்டால் இதுதான்: பூவரசு வளரும் வரைக்கும் தெற்கு ஓரத்தில் கீற்று வைத்த ஒரு மறைப்பு. அதற்கப்புறம், மேட்டைக் கட்டி அதன்மேல் குழி வைத்து, தண்ணீரும் துருப்பிடிக்காத கதவும் உள்ள கழிப்பறை. இரண்டும் அந்தத் திடலிலேயே. அது பறவைக்கு மட்டும் பொது இடம் இல்லை.

எழுதியதை மனைவி படித்துப் பார்த்தாள். பல இடங்களில் ர, ற மாற்றினாள். வெளிக்குப் போய்வந்தார்கள் என்ற வரி வந்ததும் பேனாவோடு நின்றாள். அதை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்த வரியைச் சத்தமாக ஒரு முறை படித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து அக்கா, "இன்னாடி அது?" என்று கேட்டாள். இன்னொரு முறை, இன்னும் சத்தமாகப் படித்தாள். பிறகு தாளை என்னிடம் கொடுத்து, அடியில் தேதி போடச் சொன்னாள்.

ஐப்பசி மாதம் 19ஆம் தேதி.